டிப்ளமோவா, பட்டமா? முதலில் வார்டைப் பாருங்கள்

வாசகி ஒருவரின் கேள்வி: எனக்கு வயது 19. ஒரு மருத்துவமனையோடு சேர்ந்த நர்சிங் பள்ளியில் மூன்று வருட டிப்ளமோவுக்கும், ஒரு தனிக் கல்லூரியில் நான்கு வருடப் பட்டப்படிப்புக்கும் இடம் கிடைத்திருக்கிறது. டிப்ளமோவுக்கு அப்பாவின் சேமிப்பு போதும். பட்டத்துக்குக் கடன் வாங்க வேண்டும். அடுத்த வருடம் தம்பியும் கல்லூரிக்குப் போகிறான். “பட்டம் இல்லாதவர்களை இப்போது யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை” என்கிறார் என் தோழியின் அக்கா. ஆனால் பட்டம் முடித்த என் பெரியப்பா மகளே ஒன்பது மாதமாக வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். “டிப்ளமோவை முடி, வேலைக்குப் போ, மேலே அப்புறம் படிக்கலாம்” என்கிறார் மாமா. எனக்கு ஐ.சி.யூ.வில் வேலை பார்க்க ஆசை. பிற்பாடு வேறு நாட்டுக்குப் போகும் எண்ணமும் உண்டு. பணம் கட்ட இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுக்கட்டும் சிஸ்டர்?

பதில்:

வணக்கம். நான் மூன்று வருட டிப்ளமோவில் தொடங்கியவள். ஸ்டாஃப் நர்சாகப் பதினோரு வருடம் வேலை பார்த்த பிறகுதான் பட்டம் வாங்கினேன். இப்போது வார்டுகளை மேற்பார்வை பார்ப்பதோடு, புது நர்சுகளை எடுக்கும் இன்டர்வியூவிலும் உட்காருகிறேன். அதனால் உங்கள் மாமா சொல்வதும் எனக்குப் புரிகிறது, தோழியின் அக்கா சொல்வதும் புரிகிறது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேருமே சான்றிதழின் பெயரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அதற்கு முன்னால் நீங்கள் பார்க்க வேண்டியவை இரண்டு. படித்து முடித்ததும் உங்கள் பெயர் எந்தப் பதிவேட்டில் ஏறும்? படிக்கிற காலத்தில் உங்கள் கை எத்தனை நோயாளிகள்மேல் படும்?

முதலில் உங்கள் பெரியப்பா மகளின் ஒன்பது மாதத்தைப் பேசிவிடலாம். அதுதான் உங்களை அதிகம் பயமுறுத்தியிருக்கிறது என்று நினைக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2025-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2023-இல் உலகம் முழுக்க 2 கோடியே 98 லட்சம் செவிலியர்கள் இருந்தார்கள். இன்னும் 58 லட்சம் பேர் தேவைப்பட்டார்கள். இத்தனை பேர் தேவை என்றால் படித்த பெண்ணுக்கு ஏன் வேலை கிடைக்கவில்லை? தேவை என்பது நோயாளிகளை எண்ணிப் போடும் கணக்கு. வேலை என்பது சம்பளத்துக்குப் பணம் ஒதுக்கிய இடம். வார்டில் ஆள் போதவில்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த இடத்துக்குப் பணம் ஒதுக்கும் வரை அங்கே யாரையும் எடுக்க மாட்டார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. புதிதாக வரும் நர்சுக்கு முதல் சில மாதம் ஒரு சீனியர் கூடவே நிற்க வேண்டும். ஆள் பற்றாத வார்டில் அப்படி நிறுத்தச் சீனியர் இருப்பதில்லை. அதனால் “இரண்டு வருட அனுபவம் வேண்டும்” என்று போட்டுவிடுகிறார்கள். உங்கள் பெரியப்பா மகள் அந்த வரியில்தான் மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். அவளுடைய பட்டத்தில் குறை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மருத்துவமனையோடு சேர்ந்த பள்ளிக்கு இந்த விஷயத்தில் ஒரு பலம் இருக்கிறது. மூன்று வருடம் தங்கள் கண் முன்னால் வேலை கற்றுக்கொண்ட பெண்ணை வார்டு இன்சார்ஜுக்கு ஏற்கெனவே தெரியும். இடம் வந்தால் முதலில் அந்தப் பெயர்தான் நினைவுக்கு வரும். உங்கள் மாமா இதை மனத்தில் வைத்துத்தான் சொல்லியிருப்பார்.

சரி, பதிவுக்கு வருவோம். ‘டிப்ளமோ’ என்ற சொல்லுக்கு எல்லா ஊரிலும் ஒரே பொருள் கிடையாது. இந்தியாவில் மூன்று வருட டிப்ளமோ முடித்தவரும் நான்கு வருடப் பட்டம் முடித்தவரும் பதிவு பெற்ற நர்சுகள்தான். ஆஸ்திரேலியாவில் அப்படி இல்லை. அங்கே நர்சிங் டிப்ளமோ படித்தால் ‘என்ரோல்டு நர்ஸ்’, பட்டம் படித்தால்தான் ‘ரிஜிஸ்டர்டு நர்ஸ்’. முன்னவர் பின்னவரின் மேற்பார்வையில்தான் வேலை செய்ய வேண்டும். பிரிட்டனில் 2013-லிருந்து புதிதாகத் தொடங்கும் நர்சிங் படிப்பு எல்லாமே பட்ட அளவில்தான். பிலிப்பைன்சிலும் நர்சாகப் பட்டம் வேண்டும். கனடாவின் பெரும்பாலான மாகாணங்களிலும் அதே நிலைதான். ஜெர்மனியில் இதற்கு நேர்மாறாக, மூன்று வருடத் தொழிற்பயிற்சிதான் இன்றும் முக்கிய வழி. முன்பு தனித்தனியாக இருந்த பொது நர்சிங், குழந்தைகள் நர்சிங், முதியோர் பராமரிப்புப் பயிற்சிகளை 2020-இல் ஒரே பயிற்சியாகச் சேர்த்தார்கள்.

அமெரிக்காவில் கதை இன்னும் சுவாரசியமானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நர்சுகள் போதாமல் போனபோது, மில்ட்ரெட் மாண்டாக் என்ற பேராசிரியர் சமுதாயக் கல்லூரியில் இரண்டே வருடத்தில் நர்சுகளை உருவாக்கும் திட்டத்தை முன்வைத்தார். 1952-இல் அதைச் சோதனையாகத் தொடங்கினார்கள். பட்டம் படித்த நர்சுக்குக் கீழே வேலை செய்யும் தொழில்நுட்ப நர்சுகளைத்தான் அவர் மனத்தில் வைத்திருந்தார். நடந்தது வேறு. இன்றும் அங்கே இரண்டு வருடம் படித்தவரும் பட்டம் படித்தவரும் எழுதுவது என்க்ளெக்ஸ் என்ற ஒரே தேர்வு, வாங்குவது ஒரே உரிமம். ஆனால் உரிமம் வாங்கியதோடு முடிந்துவிடவில்லை. 2017 டிசம்பரில் நியூயார்க் மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி புதிதாகப் பதிவு பெறும் நர்ஸ் பத்து வருடத்துக்குள் பட்டம் முடித்தாக வேண்டும்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்கள் இரண்டு இடங்களில் எதற்குப் பணம் கட்டுவதானாலும், அதற்கு முன் உங்கள் நாட்டு நர்சிங் கவுன்சிலின் பட்டியலில் அந்தப் பள்ளியும் அந்தப் படிப்பும் இந்த வருடத்துக்கான அங்கீகாரத்தோடு இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். கல்லூரி அலுவலகத்தில் காட்டும் ஃபிரேம் போட்டு மாட்டிய காகிதம் போதாது. முடித்ததும் எந்தப் பதிவு கிடைக்கும் என்பதையும் அங்கேயே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அங்கீகாரம் ‘வந்துகொண்டிருக்கிறது’ என்று சொல்லும் இடத்தில் ஒரு பைசா கட்டக் கூடாது.

இரண்டும் ஒரே பதிவைத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பட்டத்துக்கு என்ன மதிப்பு? மதிப்பு உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் லிண்டா எய்கனும் அவரது குழுவும் 2014-இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 4 லட்சத்து 22 ஆயிரம் பேருக்கு மேல் அந்தக் கணக்கில் வந்தார்கள். பட்டம் பெற்ற நர்சுகளின் பங்கு 10 சதவீதம் கூடுதலாக இருந்தால், நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைவாக இருந்தது. ஒரு நர்சின் பொறுப்பில் ஒரே ஒரு நோயாளி கூடினாலும் அந்த வாய்ப்பு 7 சதவீதம் ஏறியது. இதைப் படித்துவிட்டு, பட்டம் வாங்கிய ஒவ்வொருவரும் டிப்ளமோக்காரரைவிடத் திறமைசாலி என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆய்வு பேசுவது மருத்துவமனைகளைப் பற்றி, தனி ஆட்களைப் பற்றி இல்லை. ஆனால் ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் இதைப் படித்திருக்கிறார்கள். விண்ணப்பம் குவியும்போது முதல் சல்லடையாகப் பட்டத்தை வைக்கிறார்கள். அப்போது உங்கள் கைத்திறமையைக் காட்ட வாய்ப்பே கிடைக்காமல் போகலாம்.

சில இடங்களில் அந்தச் சல்லடை எழுத்திலேயே இருக்கிறது. இந்தியாவில் மத்திய அரசின் எய்ம்ஸ் மருத்துவமனைகளில் நர்சிங் அதிகாரி பணிக்கான நார்செட் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டம் முடித்துப் பதிவு செய்தவர் நேராக எழுதலாம். டிப்ளமோ முடித்தவர் குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் இரண்டு வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும். அதாவது டிப்ளமோக்காரருக்குக் கதவு மூடவில்லை, இரண்டு வருடம் தள்ளித் திறக்கிறது. உங்கள் நாட்டில், நீங்கள் போக நினைக்கும் வேலைகளில், இந்த விதி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். உங்களுக்குப் பிடித்த ஐந்து மருத்துவமனைகளின் வேலை அறிவிப்புகளைத் தேடி எடுத்து, தகுதி என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். தோழியின் அக்கா சொல்வதையும் மாமா சொல்வதையும்விட அந்தத் தாள் நம்பகமானது.

இப்போது கைக்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியம்.

எங்கள் இன்டர்வியூவில் கேள்வி பதிலோடு ஒரு சின்ன செய்முறையும் உண்டு. எங்கள் பணியாளர் ஒருவரைக் கட்டிலில் படுக்க வைத்து, சற்று வேகமாக மூச்சு விடச் சொல்லியிருப்போம். வருகிறவரிடம், “வைட்டல்ஸ் பாருங்கள்” என்று மட்டும் சொல்வோம். நாடி, பி.பி., மூச்சு மாதிரி அடிப்படை அளவுகளைத்தான் அப்படிச் சொல்வோம். ஒரு முறை நல்ல மதிப்பெண் வாங்கிய ஒரு பெண் வந்தார். நான்கு வருடப் பட்டம், கேட்ட கேள்விக்கெல்லாம் பாடப் புத்தகம் மாதிரி பதில். கட்டிலருகே போனதும் பி.பி. பார்த்தார், நாடி பார்த்தார். மூச்சுக்கு வந்தபோது நெஞ்சைப் பத்துப் பதினைந்து வினாடி பார்த்துவிட்டு, “20” என்று எழுதினார். கேஸ் ஷீட்டுகளில் பாதிக்கு மேல் நான் பார்ப்பது அந்த 20-ஐத்தான். எண்ணாமல் எழுதுகிறவர்களின் எண் அது.

அடுத்து வந்தவர் டிப்ளமோ. நாடியை ஒரு நிமிடம் எண்ணினார். எண்ணி முடித்ததும் மணிக்கட்டிலிருந்து விரலை எடுக்கவில்லை. விரல் அங்கேயே இருக்க, கண் மட்டும் மெல்ல நெஞ்சுக்குப் போனது. இன்னொரு முழு நிமிடம். தன் மூச்சை ஒருவர் எண்ணுகிறார் என்று தெரிந்தாலே நோயாளியின் மூச்சு மாறிவிடும். அதனால்தான் நாடி பார்ப்பது போலவே வைத்துக்கொண்டு எண்ண வேண்டும். “26” என்றார். யாரும் சொல்லாமலே கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்திவிட்டு, “எப்போதிலிருந்து மூச்சு வாங்குகிறது?” என்று கேட்டார். வளர்ந்தவர்களுக்கு நிமிடத்துக்கு 12-லிருந்து 20 வரை இயல்பு. உடம்பு மோசமாகத் தொடங்கும்போது முதலில் ஏறுகிறவற்றில் மூச்சின் எண்ணிக்கை ஒன்று. பி.பி. விழுவதெல்லாம் பெரும்பாலும் பிறகுதான். அந்தப் பெண்ணை நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

இதை வைத்து டிப்ளமோதான் உயர்வு என்று சொல்லிவிடலாமா? கூடாது. சில மாதம் கழித்துப் பட்டம் முடித்த இன்னொரு பெண் வந்து அதையே அச்சு அசலாகச் செய்தார். விசாரித்தால், அவர் படித்தது நோயாளிகள் நிரம்பி வழியும் பெரிய மருத்துவமனையில். முதலில் வந்தவரிடமும் பேசினேன். அவர் கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை இல்லை. பேருந்தில் ஏற்றி ஒரு சிறிய மருத்துவமனைக்கு அழைத்துப் போவார்களாம். ஒரு கட்டிலைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு மாணவிகள். ஒருத்தி செய்ய, மற்றவர்கள் பார்க்க. சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது. நான்கு வருடம் உழைத்துப் படித்த பெண் அவர். தவறு அவருடையதே இல்லை.

உங்கள் கடிதத்தில் அந்தப் பட்டக் கல்லூரியின் பயிற்சி மருத்துவமனையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதைப் படித்ததும் எனக்கு அந்தப் பெண்ணின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

பயிற்சி எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஓர் அளவு சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியம் பொது நர்சுக்கு வைத்திருக்கும் குறைந்தபட்சம் மூன்று வருடம், 4,600 மணி நேரம். அதில் பாதியாவது, அதாவது 2,300 மணி நேரமாவது, நோயாளிகளோடு இருக்க வேண்டும். உங்கள் நாட்டுப் பாடத்திட்டத்தில் எண் வேறாக இருக்கலாம். ஆனால் இரண்டு இடங்களிலும், “கிளினிக்கல் போஸ்டிங் மொத்தம் எத்தனை மணி நேரம், எந்தெந்த வார்டில்?” என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறும் இடத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டும்.

அடுத்து, “மேலே அப்புறம் படிக்கலாம்” என்ற பேச்சு. நான் அந்த ‘அப்புறத்தில்’ பதினோரு வருடம் இருந்தவள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வேலைக்குப் போனேன், சம்பளம் வந்தது, வீட்டுக்குத் தேவைப்பட்டது. படிப்பை அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளிக்கொண்டே போனேன். அப்போது நான் வேலை பார்த்த மருத்துவமனையில் இன்சார்ஜ் இடம் காலியானது. ஏழு வருடம் அந்த வார்டில் இருந்தவள் நான். ரோஸ்டர் (ஷிஃப்ட் பட்டியல்) போடத் தெரியும், மருந்துக் கணக்குத் தெரியும், எந்த டாக்டருக்கு எப்போது போன் செய்ய வேண்டும் என்று தெரியும். ஆனால் இன்சார்ஜுக்குப் பட்டம் கட்டாயம் என்று விதியை மாற்றியிருந்தார்கள். நான் கையைப் பிடித்து ட்ரிப் போடக் கற்றுக்கொடுத்த பெண் எனக்கு இன்சார்ஜ் ஆனாள். நல்ல பெண், அவள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அன்றைக்கு ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அழுதேன்.

அதற்குப் பிறகுதான் படித்தேன். இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை ட்யூட்டி, ஒன்பதரைக்கு வகுப்பு. மருந்தியல் புத்தகத்தின் மேலேயே தலை சாய்ந்து தூங்கிய நாட்கள் உண்டு. அந்தப் புத்தகத்தின் சில பக்கங்களில் பேனா இழுத்துக்கொண்டே போன கோடு இன்னும் இருக்கிறது. முடித்தேன் என்றால் அதற்கு என் சூப்பர்வைசர் அக்காதான் காரணம். இரண்டு வருடமும் தேர்வு வாரங்களில் எனக்குப் பகல் ட்யூட்டி வராமல் ரோஸ்டர் போட்டுக் கொடுத்தார். அப்படி ஒருவர் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. பல இடங்களில் இந்த மேற்படிப்புக்கு முழுநேரமும் வகுப்பில் இருக்க வேண்டும். வேலையை விட்டுத்தான் படிக்க முடியும். ஆகவே மாமா சொல்லும் வழியில் போவதானால், ‘அப்புறம்’ என்பதற்கு இப்போதே ஒரு வருடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பள்ளியில் முடித்தவர்கள் எங்கே மேலே படித்தார்கள், விடுப்பு கொடுத்தார்களா, சம்பளத்தோடா என்று விசாரியுங்கள். யாரும் படித்ததாகத் தெரியவில்லை என்றால், உங்களுக்கும் அது சுலபமாக இருக்காது.

பணக் கணக்கில் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டிப்ளமோ மூன்று, மேற்படிப்பு பெரும்பாலும் இரண்டு, ஆக ஐந்து வருடம். நேராகப் பட்டம் என்றால் நான்கு. பட்டத்தில் உங்களுக்குக் கூடுதலாக ஆவது கட்டண வித்தியாசம், கடன் வட்டி, நான்காவது வருடம் சம்பாதிக்காமல் இருப்பது. டிப்ளமோவில் கூடுதலாக ஆவது பிற்பாடு வரும் மேற்படிப்புக் கட்டணமும், அப்போது விடும் சம்பளமும். தாளில் எழுதிப் பார்த்தால் பலருக்கு வித்தியாசம் நினைத்த அளவு பெரிதாக வருவதில்லை. ஆனால் கடன் என்பது மாதாமாதம் வருவது. புது நர்சின் முதல் சம்பளம் உங்கள் பகுதியில் எவ்வளவு என்று விசாரித்து, தவணை அதில் கால் பங்கைத் தாண்டினால் யோசியுங்கள். கால் பங்கு என்பது எந்த விதியும் இல்லை, நான் பார்த்த பெண்களின் அனுபவத்தில் சொல்வது. அதைத் தாண்டியவர்கள், பிடிக்காத வேலையைக்கூட விட முடியாமல் சிக்கிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். தம்பி படிப்பையும் சேர்த்து அப்பாவோடு உட்கார்ந்து பேசுங்கள். அவரிடம் கேட்காமலே, அவருக்குப் பாரம் வேண்டாம் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

ஐ.சி.யூ. ஆசையைப் பற்றிக் கவலை வேண்டாம், இரண்டு வழியிலும் போகலாம். நர்சுகள் தேர்ச்சி பெறும் விதத்தை ஆராய்ந்த பாட்ரிசியா பென்னர், 1984-இல் அதை ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டினார். மூன்றாவது படியான ‘திறமுள்ளவர்’ நிலைக்கு வரவே ஒரே மாதிரி வேலையில் இரண்டு மூன்று வருடம் ஆகும் என்றார். என் அனுபவமும் அதுதான். முதல் வேலையே ஐ.சி.யூ. கிடைக்காவிட்டால் பொது வார்டில் சேருங்கள். அறுபது கிலோ எடையுள்ள நோயாளிக்கு மணிக்கு முப்பது மி.லி.யாவது சிறுநீர் போக வேண்டும். சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பையில் அந்த அளவு குறைவதைப் பொது வார்டில் கவனித்துப் பழகியவள், ஐ.சி.யூ.வில் மானிட்டர் கத்தும் வரை காத்திருக்க மாட்டாள்.

வேறு நாட்டுக்குப் போகும் எண்ணம் உறுதியானது என்றால் மட்டும் தராசு பட்டத்தின் பக்கம் சாய்கிறது. பிரிட்டன் போன்ற நாடுகள் வெளிநாட்டில் படித்த நர்சிடம், படித்தது பதிவு பெறத் தகுதியான படிப்பா என்று பார்க்கும்; அப்புறம் கணினித் தேர்வு, செய்முறைத் தேர்வு, ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. மாதிரி மொழித் தேர்வு. ஆனால் பட்டத்தையே அடிப்படையாக வைத்திருக்கும் நாடுகளில் டிப்ளமோவோடு போனால், கூடுதலாகப் படிக்கச் சொல்லலாம், அல்லது ஒரு படி கீழே வைக்கலாம். எந்த வழியானாலும், பாட வாரியாக மணி நேரம் போட்ட மதிப்பெண் பட்டியலை முடித்த அன்றே வாங்கி வையுங்கள். பத்து வருடம் கழித்துக் கேட்டால் தேடித் தருவதற்கு அங்கே ஆள் இருக்க மாட்டார்கள்.

உங்கள் பெரியப்பா மகளுக்கும் ஒரு வார்த்தை. பெரிய மருத்துவமனைக்காக இன்னும் காத்திருக்க வேண்டாம். டயாலிசிஸ், முதியோர் இல்லம், சிறிய மருத்துவமனை என்று எங்கே நோயாளிகளைத் தொட்டு வேலை செய்ய முடியுமோ அங்கே சேரட்டும். சும்மா இருக்கும் மாதங்கள் கூடக் கூட இன்டர்வியூவில் எங்களுக்குக் கேள்வி கூடுகிறது. சேரும்போது, ஒரு நர்சுக்கு எத்தனை நோயாளிகள் என்று கேட்கச் சொல்லுங்கள். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இடத்தில் மட்டும் கையெழுத்துப் போட வேண்டாம்.

என் முடிவு இதுதான். பட்டக் கல்லூரியில் பயிற்சி நன்றாக இருந்து, கடன் தவணை தாங்கும் அளவில் இருந்தால் பட்டத்துக்குப் போங்கள். உங்களுக்கு 19 வயது, வேறு நாடு போகும் எண்ணம் இருக்கிறது, நான் பட்ட சிரமத்தை நீங்களும் பட வேண்டியதில்லை. பயிற்சி ஒப்புக்கு நடப்பதாகத் தெரிந்தால், யார் என்ன சொன்னாலும் மருத்துவமனைப் பள்ளியின் டிப்ளமோவில் சேருங்கள். ஐந்து வருடத்துக்குள் மேலே படித்துவிடுங்கள்.

பன்னிரண்டு நாளில் இதைத் தெரிந்துகொள்ள முடியும். பட்டக் கல்லூரி மாணவிகளை எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள் என்று கேட்டு, பார்வையாளர் நேரத்தில் அங்கே போங்கள். கட்டில்களில் ஆள் இருக்கிறார்களா, எத்தனை மாணவிகள் நிற்கிறார்கள், சொல்லிக்கொடுக்கும் டியூட்டர் அவர்களோடு நிற்கிறாரா என்று பாருங்கள். மருத்துவமனைப் பள்ளிக்கும் இதே மாதிரி போங்கள். சொந்த மருத்துவமனை இருப்பதாலேயே அது நல்ல பள்ளி ஆகிவிடாது. சில இடங்களில் மாணவிகளைச் சம்பளமில்லாத ஆட்களாக்கி, மூன்று வருடமும் படுக்கை விரிக்கவும் சாமான் எடுத்துவரவும் வைப்பார்கள்.

அப்புறம் இரண்டு இடத்திலும் கடைசி வருட மாணவி ஒருவரைப் பிடித்து, அவருடைய செய்முறைப் பதிவேட்டைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். போட்ட ஊசி, வைத்த டியூப், பார்த்த பிரசவம் எல்லாம் அதில் தேதியோடு எழுதி, டியூட்டரிடம் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். தேதிகள் வருடம் முழுக்கப் பரவியிருக்கிறதா, கையெழுத்துகள் வேறு வேறு பேனாவில், வேறு வேறு அவசரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நாற்பது கையெழுத்தும் ஒரே மையில், ஒரே உட்காரலில் போட்டது போல் வரிசையாக இருந்தால், அந்தப் பதிவேட்டில் இருப்பது நடக்காத பயிற்சி. அங்கே பணம் கட்ட வேண்டாம்.